பிரஷ் கெடுவது சாயங்காலத்தில்தான்

பெயின்டிங் கான்ட்ராக்டில் சாமான்கள் வேலையின்போது கெடுவதைவிட, வேலை முடிந்த பிறகு கெடுவதுதான் அதிகம். கிளம்பும் அவசரத்தில் பிரஷைத் தண்ணீர் டப்பாவில் நிறுத்திவைத்துவிட்டு, "காலையில் பார்த்துக்கலாம்" என்று போய்விடுவார்கள். காலையில் முடி ஒருபக்கமாக வளைந்திருக்கும், மரப்பிடி ஊறி உப்பியிருக்கும், தகரப் பட்டையில் துரு ஏறியிருக்கும். அந்தத் துரு அடுத்த வெள்ளைச் சுவரில் கறையாக இறங்கும்.

கழுவுகிறவர்களிலும் பலர் முனையை மட்டும் அலசுகிறார்கள். பெயின்ட் தங்குவதோ முடியின் அடியில், தகரத்தை ஒட்டி. அங்கே காய்ந்துவிட்டால் பிரஷ் விரிந்து துடைப்பமாகிவிடும். ஓரம் நேராகப் பிடிக்க முடியாது. தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் பெயின்டுக்குத் தண்ணீரும் சோப்பும், எண்ணெய் சேர்ந்த எனாமல் பெயின்டுக்கு டர்பன்டைன். மாற்றிக் கழுவினால் பிசுபிசுவென்று திரண்டுகொள்ளும். இயற்கை முடி பிரஷை எமல்ஷனில் முக்குவதும் வீண்தான்: தண்ணீரைக் குடித்துத் தொய்ந்துவிடும், நைலான்தான் சரி. ரோலருக்கு மறுநாளும் அதே பெயின்ட் என்றால் கழுவவே வேண்டாம். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் சுற்றிவைத்தால் போதும்.

பெரிய செலவு வைப்பது ஸ்பிரே மெஷின். எமல்ஷன் அடித்துவிட்டு, தண்ணீர் மட்டும் ஓட்டி மூலையில் போட்டால் பம்புக்குள் துரு பிடிக்கும். சில நாள் சும்மா கிடக்கப்போகிறது என்றால் கடைசியாக மினரல் டர்பன்டைன் ஓட்டிவையுங்கள். பெயின்ட் பீய்ச்சும் முனையான டிப் தேய்ந்தால், விசிறிபோல் விரியும் பீய்ச்சல் சுருங்கும், பெயின்ட் கூடுதலாகக் கொட்டும். டிப் காசை மிச்சம் பிடித்துப் பெயின்டில் விடுவதில் என்ன லாபம்? இதையெல்லாம்விட மோசம், அழுத்தத்தை இறக்காமல் டிப்பை விரலால் துடைப்பது. பெயின்ட் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனால் விரலையே எடுக்கவேண்டி வரலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

மர ஏணிக்கு அழகாகப் பெயின்ட் அடித்துவைக்காதீர்கள். விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஆளி எண்ணெய் துடைத்த துணியைக் குவித்துப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

இதற்கெல்லாம் ஆட்களை மட்டும் திட்டிப் பயனில்லை. கழுவும் நேரத்தைக் கூலி நேரத்தில் சேர்க்காத மேஸ்திரியின் தவறும் இதில் உண்டு. ஆறு மணிக்கு வேலை விடுவதென்றால், ஐந்தரைக்கே பிரஷைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.