ரோபோவா, வீடியோவா: நுரையீரல் ஆபரேஷனுக்கு முன் செய்யும் தவறுகள்

நுரையீரலில் கட்டி, ஒரு மடலை (நுரையீரலின் ஒரு பிரிவை) எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் சென்னையில் பல வீடுகளில் கிளம்பும் முதல் கேள்வி, "ரோபோ எந்த ஆஸ்பத்திரியில இருக்கு?" என்பதுதான். கேட்க வேண்டியது சர்ஜனைப் பற்றி.

ரோபோ தானாக எதையும் வெட்டாது. கன்சோல் எனப்படும் இயக்கும் மேஜை முன் உட்கார்ந்து சர்ஜன் விரல்களை அசைக்க, உள்ளே கருவிகள் அசையும். மணிக்கட்டு போல வளையும் நுனியும் முப்பரிமாணக் காட்சியும் அதன் பலம். நிணநீர்க் கணுக்களைத் துழாவி எடுக்க வசதி. வாட்ஸ் எனப்படும் வீடியோ முறையில் சர்ஜன் மேஜையருகே நின்று, நீண்ட கருவிகளைக் கையில் பிடித்து, திரையைப் பார்த்துச் செய்வார். இரண்டிலும் விலா எலும்பை விரிப்பதில்லை. எடுத்த மடலை வெளியே கொண்டுவர இரண்டுக்குமே சில சென்டிமீட்டர் கீறல் வேண்டும். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் சிக்கல்களிலோ வீடு திரும்பும் நாளிலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. செலவு மட்டும் ரோபோவில் கூடுதல். ஆகவே, "இந்த ஆபரேஷனை நீங்கள் எந்த முறையில் அதிகம் செய்கிறீர்கள்? எத்தனை பேருக்கு நெஞ்சைத் திறக்க நேர்ந்தது?" என்று கேளுங்கள். நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நடுவில் திறந்த முறைக்கு மாறினால் "கைவிட்டுட்டாங்க" என்று புலம்புவதும் சரியல்ல. நம் ஊரில் டிபி வந்து போனவர்கள் அதிகம். என்றோ குணமான டிபி கூட நுரையீரலை நெஞ்சுச் சுவரோடு ஒட்டவைத்திருக்கும். ரத்தக்குழாயை ஒட்டிய கணுக்கள் சுண்ணாம்பேறி இறுகியிருக்கும். அதைப் பிரிக்கும்போது ரத்தம் பீறிட்டால் நெஞ்சைத் திறப்பதுதான் புத்திசாலித்தனம். அதனால் சின்ன வயசு டிபியை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் எடுத்துப் போங்கள்.

இன்சூரன்ஸ் டெஸ்க்கில் "ஆபரேஷன் கவர் ஆகுமா?" என்று கேட்டால் ஆகும் என்பார்கள். ரோபோ முறைக்குப் பல பாலிசிகளில் தனி உச்சவரம்பு உண்டு. அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் மூச்சுப் பயிற்சிக்குத் தரும் அந்த மூன்று பந்துக் கருவி. எந்த முறையில் செய்தாலும் இது உண்டு. பலர் இதை ஊதிக்கொண்டிருப்பார்கள். ஊதக் கூடாது. குழாயை வாயில் கவ்வி, மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, பந்தைச் சில நொடி மேலே நிறுத்த வேண்டும். ஆபரேஷன் தேதி குறித்த அன்றே வாங்கிப் பழகுங்கள், நெஞ்சில் டியூப் போட்டபிறகு புதிதாகக் கற்றுக்கொள்வது கஷ்டம்.