பிடித்த நாவலுக்கு நீங்களே இயக்குநரையும் நடிகர்களையும் தெரிவுசெய்வது எப்படி?

பொன்னியின் செல்வன் கல்கியில் தொடராக வந்தது 1950 முதல் 1954 வரை. மணிரத்னத்தின் படம் திரைக்கு வந்தது 2022இல். இடையில் கிடந்த அத்தனை வருடமும், வந்தியத்தேவனாக யார், குந்தவையாக யார் என்று வாசகர் வீடுகளில் ஓயாத பேச்சு. எங்கள் ஈழத்து நாவல்களுக்கு அப்படி யாரும் சண்டை பிடிப்பதைக் கேட்பது அரிது. செங்கை ஆழியானின் வாடைக்காற்றை 1978இலேயே பிரேம்நாத் மொறாயஸ் படமாக்கிவிட்டார் என்பதை நினைத்தால் எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. அதனால் இதை முதல் தடவையாகச் செய்து பார்ப்பவர்களுக்காக, படிப்படியாக எழுதுகிறேன். ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

முதல் படி: நாவல்

இரண்டு தடவையாவது வாசித்த நாவலாக எடுங்கள். ஒரே தடவை வாசித்ததில் கதைதான் நினைவிருக்கும், ஆட்கள் நினைவிருக்க மாட்டார்கள். கையில் புத்தகம் இல்லையென்றால் வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. அச்சில் இல்லாத பழைய நாவல்கள் பல 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் கிடைக்கின்றன.

விளக்குவதற்கு வசதியாக நான் ஒரு கதையைக் கற்பனை செய்துகொள்கிறேன். 1996, கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ். வெளிநாடு போக வந்து மாதக்கணக்கில் காத்திருக்கும் வடக்குக் கிழக்கு ஆட்கள். லொட்ஜை நடத்தும் மட்டக்களப்பு அக்கா, பயணம் ஒழுங்குசெய்யும் ஏஜென்சிக்காரர், நெடுந்தீவிலிருந்து மகளைக் கூட்டிவந்த ஒரு பெரியவர், அந்த மகள், முன்கடைச் சிங்கள முதலாளி. ஐந்து பேர். தொடக்கத்தில் இதற்குமேல் வேண்டாம். இருபது பாத்திரத்துக்கும் ஆள் தேடப் போனால் மூன்றாம் பெயரிலேயே அலுத்துப்போகும்.

இரண்டாம் படி: ஆளுக்கு ஒரு பக்கம்

கொப்பியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். "அழகானவள்", "நல்லவர்" என்று எழுதாதீர்கள், அதை வைத்து யாரையும் தேட முடியாது. அந்த ஆள் என்ன செய்கிறார் என்று எழுதுங்கள். லொட்ஜ் அக்காவுக்கு என் பக்கம் இப்படி இருக்கும்:

"வயது 52. திறப்புக் கோர்வையை இடுப்பில் செருகியிருப்பார். பொலிஸ் பதிவுப் புத்தகத்தில் தானே பெயர் எழுதுவார், வேறு யாரையும் தொட விடமாட்டார். வாடகை கேட்கும்போது முகத்தைப் பார்க்கமாட்டார், தட்டிலிருக்கும் சோற்றைப் பார்ப்பார். முழுக் கதையிலும் ஒரே ஒரு தடவை அழுவார், அதுவும் கொமினிகேஷன் கடைக்குள், கையில் ரிசீவரோடு."

கடைசி வரிதான் முக்கியம். அந்தக் கடைக் காட்சியில் இவரை நம்ப முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மனதிலுள்ள பெயர்களில் பாதி தானாகவே அடிபட்டுவிடும்.

வயதையும் இங்கேயே கணக்குப் பாருங்கள். கதை எத்தனை வருடம் நீள்கிறது? ஒரே நடிகர் இளமையும் முதுமையும் தாங்குவாரா, இரண்டு பேர் வேண்டுமா? அசுரன் வந்த 2019இல் தனுஷுக்கு 36 வயது. வளர்ந்த பிள்ளைகளின் தகப்பனாகவும் முன்கதையில் இளைஞனாகவும் அவரே நடித்தார். துணிந்து எடுத்த முடிவு, பலித்தது. எல்லாருக்கும் பலிக்காது.

மூன்றாம் படி: நடிகருக்கு முன்னால் இயக்குநர்

எல்லாரும் தலைகீழாகச் செய்யும் இடம் இது. இயக்குநர் மாறினால் கதையின் மையமே இடம் மாறும், பிறகு நடிகர் பட்டியலும் மாறும். அசுரனையே எடுங்கள். அதன் மூலம் பூமணியின் வெக்கை. பழிக்குக் கொலை செய்துவிட்டு ஓடும் சிறுவனோடுதான் நாவல் நகர்கிறது. வெற்றிமாறன் படமாக்கியபோது பாரம் தகப்பன் பக்கம் சாய்ந்தது. அது புரியாமல் அந்த நாவலுக்குப் பட்டியல் போட்டிருந்தால் முழு நேரமும் பையனைத் தேடியே போயிருக்கும்.

செய்யும் முறை இதுதான். நாவலில் படமாக்க மிகக் கடினமான பக்கத்தைக் கண்டுபிடியுங்கள். சண்டை, வெள்ளம், கலவரம் அல்ல, அவற்றைக் காசு இருந்தால் எடுத்துவிடலாம். யாரும் எதுவும் பேசாமல் ஏதோ முறிந்துபோகும் பக்கம் ஒன்று இருக்கும், அதைக் குறியுங்கள். பிறகு, அந்த மாதிரிக் காட்சியை ஏற்கெனவே நன்றாகச் செய்தவர் யார் என்று தேடுங்கள். சிறுகதையோ நாவலோ படமாக்கிய அனுபவம் உள்ளவரென்றால் மூலத்தையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்பதில் அவருடைய மனம் தெரியும்.

என் லொட்ஜ் கதைக்கு நான் சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகேயை எடுப்பேன். தஸ்தயேவ்ஸ்கியின் அடகுக்கடைக்காரர் கதை ஒன்றை அவர் 2012இல் எங்கள் மலையகத்துக்குக் கொண்டுவந்தார். கடைக்காரர் முன்னாள் சிங்கள இராணுவ வீரர், அவர் மணப்பது தமிழ்ப் பெண்ணை. ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் ஒருவரையொருவர் அஞ்சுவதை அவ்வளவு பொறுமையாகக் காட்டியவரால் லொட்ஜ் அறைகளையும் காட்ட முடியும். தமிழ் வசனத்துக்கு வடக்கையும் கிழக்கையும் அறிந்த எழுத்தாளர் ஒருவர் கூட இருக்கவேண்டும், அதில் விட்டுக்கொடுக்கமாட்டேன். இதே கதையை அவலச் சிரிப்பாக எடுக்க நினைத்தால் இளங்கோ ராம். அவர் தன் சிங்களப் படத்தைத் தமிழில் பெருசு என்று 2025இல் தானே மறுபடி எடுத்தார்.

நான்காம் படி: கண்ணை மூடிக் கேளுங்கள்

முகத்தை வைத்துத்தான் எல்லாரும் தெரிவுசெய்கிறார்கள். நம் கதைகளுக்கு அது போதாது. லொட்ஜின் மேல்மாடியில் நிற்பவர் நெடுந்தீவா, மட்டக்களப்பா, ஹட்டனா என்பது வாய் திறந்ததும் தெரிந்துவிடவேண்டும். ஷியாம் செல்வதுரையின் ஃபன்னி போய் நாவலை தீபா மேத்தா 2020இல் படமாக்கினார். கதை கொழும்புத் தமிழ்க் குடும்பத்தினுடையது. தமிழர் அல்லாதவர்கள் முக்கிய பாத்திரங்களில் நடித்ததும், படத்தில் பேசப்பட்ட தமிழும் எவ்வளவு கண்டனத்துக்கு ஆளாயின என்பது பலருக்கு நினைவிருக்கும். படத்தின் மற்ற நல்ல விஷயங்கள் அந்தப் பேச்சுக்குள் அமுங்கிப்போயின.

சரி, எப்படிச் சோதிப்பது? நாவலிலிருந்து நான்கு வரி வசனம் எடுங்கள். என் பெரியவருக்கு இது: "பிள்ளை, ரிக்கெற் வந்திட்டுதாம் எண்டு சொல்லுறான். போன கிழமையும் உதைத்தான் சொன்னவன். நீ பெட்டியைக் கட்டாதை." அடுத்து, மனதிலுள்ள நடிகரின் பேட்டி ஒன்றை யூடியூப்பில் போட்டுவிட்டுக் கண்ணை மூடுங்கள். படக்காட்சி வேண்டாம், அதில் பின்னணிக் குரல் வேறு ஒருவருடையதாக இருக்கலாம். ஐந்து நிமிடம் கேட்டபின் அந்தக் குரலில் உங்கள் நான்கு வரியை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். ஒட்டினால் பெயரை எழுதுங்கள்.

பெரியவருக்கு எனக்கு ஒரே பெயர்தான், கவிஞர் வ.ஐ.ச.ஜெயபாலன். 2011இல் வந்த ஆடுகளத்தில் அவர் மதுரைச் சேவற்கட்டுக்காரராக நின்றார், குரல் ராதாரவியுடையது. அந்த முகத்தோடு அவருடைய சொந்தக் குரலும் சேர்ந்து, தீவுப்பகுதித் தமிழில் ஒரு முழுப் படம் கேட்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஏஜென்சிக்காரருக்கு ஷோபாசக்தி. கான் விழாவில் 2015இல் தங்கப்பனை பெற்ற தீபனில் நாயகன் அவர்தான், அடிப்படையில் எழுத்தாளர். நடிகர் பட்டியலுக்கு வெளியே, எழுத்திலும் மேடையிலும் ஆள் தேடலாம் என்பதற்கு இந்த இருவரும் போதும். கொழும்பில் தமிழ் நாடகம் எங்கே நடந்தாலும் போய்ப் பாருங்கள். கொப்பியையும் கொண்டுபோங்கள்.

மகளுக்கு லொஸ்லியா. தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர் என்பதால் அந்தச் செய்திக் குரலை மறக்கவைக்கும் வேலை இயக்குநருக்கு இருக்கும். அக்காவுக்கு ரோகிணி. தமிழ்நாட்டவருக்கு மட்டக்களப்புப் பேச்சா என்று கேட்பீர்கள். எத்தனையோ கதாநாயகிகளுக்குப் பின்னணிக் குரல் கொடுத்த காது அவருடையது, இரண்டு மாதம் மட்டக்களப்பில் இருந்தால் பிடித்துவிடுவார் என்பது என் நம்பிக்கை. முன்கடை முதலாளியை இயக்குநரிடமே விட்டுவிடுகிறேன், சிங்கள நடிகர்களை அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஐந்தாம் படி: பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

தனித்தனியே சரியானவர்கள் சேர்ந்து நிற்கும்போது பொருந்தாமல் போகலாம். படங்களைத் தரவிறக்கி ஒரே திரையில் அடுக்கிப் பாருங்கள். தகப்பனும் மகளும் ஒரு வீட்டு ஆட்கள் போலத் தெரிகிறார்களா? சில கதைகளில் சாயல்தான் முடிச்சே. நந்தினியும் மந்தாகினியும் ஒரே முகம் என்பதில் பொன்னியின் செல்வனின் பாதி மர்மம் நிற்கிறது, அதனால்தான் ஐஸ்வர்யா ராய் இரண்டையும் செய்தார்.

ஆறாம் படி: இரண்டாவது பெயர்

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மாற்றுப் பெயர் ஒன்று எழுதி, பக்கத்தில் ஒரு வரிக் காரணம் போடுங்கள். "எனக்குப் பிடிக்கும்" என்பதைக் காரணமாக எடுக்காதீர்கள். மாற்றுப் பெயர் வந்தால் கதையில் எது கூடும், எது குறையும் என்று எழுதுங்கள். உண்மையான தயாரிப்பிலும் இது தேவைப்படுகிறது. கிரிக்கெட் வீரர் முரளிதரனின் வாழ்க்கையைப் படமாக்கியபோது விஜய் சேதுபதி எதிர்ப்புகளுக்குப் பின் 2020இல் விலகினார், 2023இல் வந்த 800 படத்தில் மதுர் மிட்டல் நடித்தார். என் பட்டியலில் பெரியவருக்கு மாற்று நாசர். பேச்சு கொஞ்சம் விலகும், ஆனால் பெட்டியைக் கட்டாதே என்று சொல்லும் அந்த இடத்தில் அவரிடம் பயம் கூடுதலாக இருக்கும்.