மீன் எண்ணெயும் மல்டிவைட்டமினும்: போத்தலைத் திருப்பிப் பாருங்கள்

சிங்கப்பூர்த் தேக்காவில் மருந்துக் கடை முகப்பில் நிற்கிறேன். "மீன் எண்ணெயையும் மல்டிவைட்டமினையும் சேர்த்துச் சாப்பிடலாமா?" என்று யாராவது கேட்காத நாள் குறைவு. பெரும்பாலானவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால், எந்த எண்ணெய் என்று முதலில் பார்க்க வேண்டும்.

மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு. முதலாவதில் முக்கியமாக ஒமேகா-3 என்ற கொழுப்பு. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ, டி இரண்டும் சேர்ந்தே வரும். சின்ன வயதில் அம்மா வாயைத் திறக்கச் சொல்லி ஊற்றிய ஸ்காட்ஸ் எமல்ஷன் இந்த வகைதான். மல்டிவைட்டமினிலும் அதே ஏ, டி இருக்கும். வைட்டமின் சி சிறுநீரில் போய்விடும். இவை அப்படிப் போகாது, உடம்பில் தங்கும். அதனால் இரண்டு போத்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பாருங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு: ரெட்டினாலாக (ஈரல் எண்ணெயில் இருக்கும் வடிவம்) வரும் வைட்டமின் ஏ 3,000 மைக்ரோகிராம், டி 100 மைக்ரோகிராம். ஐயூ (IU) என்ற அலகில் போட்டிருந்தால் முறையே 10,000, 4,000. எலும்புக்கென்று தனியாக டி மாத்திரை போடுகிறவர்கள் அதையும் சேர்த்துக் கூட்டுங்கள். கர்ப்பிணிகளுக்கு ஈரல் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

போத்தலின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் 1,000 மில்லிகிராம் என்றிருக்கும். அது எண்ணெயின் எடை. பின்னால் ஒமேகா-3 வகைகளான இபிஏ (EPA) 180, டிஎச்ஏ (DHA) 120 என்று பொடி எழுத்தில் இருந்தால், ஒமேகா-3 வெறும் 300தான். அதற்காக ஏழெட்டு மாத்திரை விழுங்காதீர்கள். அளவு கிராம் கணக்கில் ஏறும்போது, சிலருக்கு இதயத் துடிப்பு சீர் கெடும் அபாயமும் கூடுகிறது. சிங்கப்பூரில் ஊட்டச்சத்து மாத்திரைகளை விற்க சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை. ஆகவே லேபிளைப் படிப்பது நம் வேலை.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் என்னிடம் வாங்குவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். பல மல்டிவைட்டமின்களில் வைட்டமின் கே உண்டு, அது மருந்தின் வேலையைக் குறைக்கும். மீன் எண்ணெயோ அதிக அளவில் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம். இரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்களும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது போத்தல்களைக் கையோடு எடுத்துப் போங்கள். "மஞ்சள் கலர் மாத்திரை, டாக்டர்" என்றால் அவருக்கு என்ன புரியும்?

இரண்டையும் மதியச் சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளலாம். கொழுப்பு இருந்தால்தான் ஏ, டி, ஈ, ஒமேகா எல்லாம் நன்றாக உடம்பில் சேரும். வெறும் வயிற்றில் கோப்பி ஓ குடித்து விழுங்கிவிட்டு எம்ஆர்டிக்கு ஓடுகிறவர்கள்தான் மீன் ஏப்பம் என்று புகார் சொல்வார்கள். மல்டிவைட்டமினில் இரும்புச்சத்து இருந்தால் தே தாரேவை (பால் தேநீர்) ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் மல்டிவைட்டமினுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

அப்புறம், நம் ஊர் வெக்கையில் மீன் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அடுப்புப் பக்கமும் காரிலும் வைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் ஒரு மாத்திரையை வெட்டி முகர்ந்து பாருங்கள். பழைய பெயின்ட் மாதிரி குப்பென்று அடித்தால், சரி, போத்தலோடு குப்பைக்குத்தான்.