ஸ்ட்ரிங்கா லூப்பா? அடிபட முதல் படிக்கிற வழி

போன கிழமை உப்புவெளி கடற்கரையில ஏஎல் படிக்கிற பெடியள் ரெண்டு பேர் ஸ்ட்ரிங் தியரி சரியா லூப் குவாண்டம் கிராவிட்டி சரியா என்டு அடிபடாத குறையா கதைச்சிட்டு இருந்தாங்க (ரெண்டும் ஈர்ப்பையும் குவாண்டம் இயற்பியலையும் சேர்க்கப் பார்க்கிற தியரிகள்), கேட்டா ரெண்டு பேரும் பார்த்தது ஆளுக்கொரு யூடியூப் வீடியோதான். அவங்களுக்கு சொன்னதை இஞ்சயும் எழுதிவிடுறன்.

விடையில தொடங்காதீங்க, பிரச்சினையில தொடங்குங்க. மற்ற விசைகளுக்குச் செய்யிற மாதிரியே ஈர்ப்புக்கும் குவாண்டம் கணக்குப் போட்டா முடிவிலி வரும், ஒன்டை அடக்கினா அடுத்த படியில புதுசா இன்னொன்டு வந்து நிக்கும், 1986ல கோரோஃப், சக்னோட்டி என்டுற ரெண்டு இயற்பியலாளர்கள் இதை கணக்குப் போட்டே காட்டிட்டாங்க. இது விளங்காம அங்கால போறது வீண்.

பிறகு ஒவ்வொரு தியரியிட்டயும் ஒரே கேள்வியை கேளுங்க: இடத்தையும் காலத்தையும் முதலே வச்சிட்டா தொடங்குற, இல்ல அதையும் நீயே செய்யிறியா? கரைவலை இழுக்கிறதை பார்த்திருப்பீங்கதானே. ஸ்ட்ரிங்ல கடல், அதாவது இடமும் காலமும், முதலே இருக்கு, அதுக்குள்ள நூல் அதிருது, அந்த அதிர்வுல ஒரு வகை ஈர்ப்பைக் காவுற கிராவிட்டானா வருது (1974ல ஷெர்க், ஷ்வார்ஸ் கண்டது), ஆனா 10 பரிமாணம் கேக்கும். லூப்ல கடலே இல்ல, வலைதான் இடம். முடிச்சுல கனவளவு, நூல்ல பரப்பளவு, ரெண்டு முடிச்சுக்கு நடுவுல என்ன இருக்கு என்டு கேக்கக்கூடாது, ஒன்டும் இல்ல, வெறுமை கூட இல்ல! பரப்பளவும் கனவளவும் துண்டு துண்டாத்தான் வரும் என்டு 1995ல ரொவெல்லியும் ஸ்மோலினும் காட்டினாங்க. எனக்கு இதுதான் அழகு, ஆனா அந்த வலையில இருந்து ஐன்ஸ்டைன்ட 1915 ஈர்ப்புச் சமன்பாடு வழுவழுப்பா திரும்பி வருது என்டு இன்னும் முழுசா காட்டி முடிக்கேல்ல, அதையும் மறைக்கக்கூடாது. இந்த ரெண்டும் மட்டும்தான் என்டும் நினைக்காதீங்க, சக்தி எவ்வளவு கூடினாலும் ஈர்ப்போட வலிமை முடிவிலிக்கு ஓடாம அடங்கும் என்டு பார்க்கிற, அசிம்ப்டோடிக் சேஃப்டி என்டு வைன்பெர்க் தொடக்கின வழியும் இருக்கு.

பரிசோதனை என்ன சொல்லுது என்டு கேட்டா ரெண்டு பக்கமும் கொஞ்சம் அமைதியாகிடும். இதெல்லாம் நடக்கிற பிளாங்க் நீளம் எவ்வளவு என்டா, தசமத்துக்குப் பிறகு 34 பூச்சியம் போட்டு 16 எழுதுங்க, அவ்வளவு மீட்டர். அதை நேரா பார்க்க, ஜெனீவாவில துகள்களை மோதவிடுற எல்எச்சி இயந்திரம் மாதிரி பத்துக் கோடி கோடி மடங்கு சக்தி வேணும். 2009ல ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி 700 கோடி வருஷத்துக்கு மேல பயணம் பண்ணின ஒளியில, சக்தி கூடினது பிந்துதா என்டு பார்த்துது, இடம் துண்டு துண்டா இருந்தா பிந்தும் என்டு சில பேர் எதிர்பார்த்தாங்க, அந்தப் பிந்தல் தெரியேல்ல. அதால லூப் தோத்துட்டுது என்டு யாராவது சொன்னா நம்பாதீங்க, லூப் அந்தப் பிந்தலை கட்டாயமா சொல்லுதா என்டதுலயே லூப்காரருக்குள்ள இழுபறி.

கணக்கை எங்க பிடிக்கிறது? பள்ளிக்கூட லாப்ல சுரமானி, அதான் கம்பி இழுத்துக் கட்டின பெட்டி, இருக்கும், தூசு தட்டி எடுத்து அந்தக் கம்பியில முதலாவது, ரெண்டாவது, மூண்டாவது சுரத்தை கேட்டுப் பாருங்க. ஸ்ட்ரிங்காரரும் அங்கதான் தொடங்குறாங்க.