அமெரிக்காவில் வேலையிடத்தில் பாகுபாடா? ஈஈஓசி-யில் புகார் கொடுக்கும் முறை

ஈஈஓசி எனப்படும் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. எந்த விசாவில் இருந்தாலும் கொடுக்கலாம். ஆனால் எவ்வளவு நியாயமான புகாரும் நாள் தவறினால் எடுபடாது. அதனால் முதலில் காலண்டரை எடுங்கள்.

1. நாளைக் கணக்கிடுங்கள்

பாகுபாடு நடந்த நாளிலிருந்து பொதுவான கெடு 180 நாள். அதே வகைப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும், அதைச் செயல்படுத்தும் அமைப்பும் உங்கள் மாநிலத்தில் இருந்தால் 300 நாள். சனி, ஞாயிறு, பண்டிகை விடுமுறை எல்லாம் கணக்கில் சேரும். கடைசி நாளே விடுமுறையாக இருந்தால் மட்டும் அடுத்த வேலை நாள் வரை நேரம் உண்டு.

வேலை பறிபோனவர்களில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். மார்ச் 3 அன்று பணிநீக்கக் கடிதம் கொடுத்து, ஏப்ரல் 30 கடைசி வேலை நாள் என்கிறார்கள் என்று வையுங்கள். கணக்கு தொடங்குவது மார்ச் 3-ல். உச்ச நீதிமன்றம் 1980-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. 180 நாள் ஆகஸ்ட் 30-ல் முடியும், 300 நாள் டிசம்பர் 28-ல். "விசாரித்துக்கொண்டிருக்கிறோம், பொறுங்கள்" என்று எச்ஆர் சொன்னாலும் கெடு நீளாது.

தொடர்ந்து நடக்கும் தொல்லை என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ணலாம். பதவி உயர்வு மறுப்பு, பணிநீக்கம் போன்றவற்றுக்குத் தனித்தனிக் கணக்கு. மத்திய அரசு ஊழியர்களுக்கு வழியே வேறு: 45 நாளுக்குள் தங்கள் துறையின் ஈஈஓ ஆலோசகரை அணுக வேண்டும்.

2. சட்டம் பொருந்துகிறதா என்று பாருங்கள்

மேனேஜர் கடுமையானவர் என்பது மட்டும் போதாது. அந்த நடத்தைக்குப் பின்னால் சட்டம் சொல்லும் காரணம் ஒன்று இருக்க வேண்டும். 1964-ம் ஆண்டு சிவில் உரிமைகள் சட்டத்தின் ஏழாம் தலைப்பு இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீக நாடு ஆகியவற்றைச் சொல்கிறது. உடற்குறைபாட்டுக்கும் வயதுக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. வயதுக்கான சட்டம் 40 நிரம்பியவர்களுக்கு மட்டும். நிறுவனத்தில் குறைந்தது 15 ஊழியர் இருக்க வேண்டும், வயது விஷயத்தில் 20. அதைவிடச் சிறிய இடம் என்றால் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள்: கலிஃபோர்னியாவில் 5 பேர் போதும், கெடுவும் 3 ஆண்டு.

சாதி என்ற சொல் மத்திய சட்டத்தில் இல்லை. சியாட்டில் நகரம் 2023-ல் அதை வெளிப்படையாகத் தடை செய்தது. மற்ற பெரும்பாலான இடங்களில் பூர்வீகம், மதம் போன்ற அடிப்படைகளில் வாதாட வேண்டியிருக்கும். இதற்கு வக்கீல் துணை அவசியம் என்றே சொல்வோம்.

3. தேதிவாரியாக எழுதுங்கள்

"எப்போதும் மட்டம் தட்டுவார்" என்று எழுதினால் விசாரணை அதிகாரியால் எதையும் பிடிக்க முடியாது. இப்படி எழுதுங்கள்: "மார்ச் 12, குழுக் கூட்டம். 'உன் உச்சரிப்பு கிளையன்டுக்குப் புரியாது' என்றார் மேனேஜர். இருவர் கேட்டார்கள். மார்ச் 19-ல் என் பொறுப்பை, என்னைவிட அனுபவம் குறைந்த இன்னொருவருக்குக் கொடுத்தார். என் வேலை பற்றி அதுவரை எந்தக் கிளையன்டும் குறை சொன்னதில்லை."

இதில் உயிரே அந்த "இன்னொருவர்"தான். அதே நிலையில் இருந்த வேறு பூர்வீகத்தவரை எப்படி நடத்தினார்கள் என்று காட்டினால்தான் பாகுபாடு வெளியே தெரியும். ஆதாரத்துக்காக அலுவலகக் கோப்புகளை மொத்தமாகச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். அதையே காரணம் காட்டி உங்களை நீக்க முடியும். எந்தத் தேதியில் யார் யாருக்கு அனுப்பிய மடல் என்று குறித்து வைத்தால் போதும்.

4. போர்ட்டலில் பதியுங்கள்

ஈஈஓசி பப்ளிக் போர்ட்டலில் கணக்கு தொடங்கி, சில கேள்விகளுக்குப் பதில் தந்து, நேர்காணலுக்கு நேரம் வாங்குங்கள். இந்த நிலையில் நீங்கள் கொடுத்திருப்பது வெறும் 'என்கொயரி'. நேர்காணலுக்குப் பின் அதிகாரி தயாரிக்கும் 'சார்ஜ்' ஆவணத்தில் கையெழுத்திட்டால்தான் புகார் பதிவாகும். என்கொயரி அனுப்பியதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். கெடுவுக்கு 60 நாளோ குறைவோ இருந்தால் விரைவாகப் பதியும் வழியைப் போர்ட்டலே காட்டும்.

கையெழுத்துக்கு முன் இரண்டைச் சரிபாருங்கள். பொருந்தும் காரணங்கள் எல்லாம் குறிக்கப்பட்டுள்ளனவா? எச்ஆரிடம் புகார் சொன்ன பிறகு தொல்லை தந்திருந்தால் 'ரிடாலியேஷன்', அதாவது பழிவாங்கல், கட்டாயம் இருக்க வேண்டும். விட்டுப்போனதை நீதிமன்றத்தில் எழுப்புவது கடினம். கன்சல்டன்சி வழியாகக் கிளையன்ட் இடத்தில் வேலை செய்தவர்கள் இரு நிறுவனங்களின் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

5. பதிந்த பிறகு

10 நாளுக்குள் நிறுவனத்துக்கு அறிவிப்பு போகும், உங்கள் பெயரோடு. சமரசப் பேச்சுக்கு அழைத்தால் போய்ப் பாருங்கள். இலவசம், ஒப்பாவிட்டால் விசாரணை தொடரும். நிறுவனம் எழுத்தில் தரும் பதிலின் நகலைக் கேட்டு வாங்குங்கள், மறுப்பு எழுத 20 நாள் உண்டு.

எச்-1பி-யில் இருப்பவர்கள் கவனிக்க: வேலை போனால் கிடைக்கும் அதிகபட்ச 60 நாள் அவகாசம், புகார் நிலுவையில் இருப்பதால் நீளாது. அதற்குக் குடிவரவு வக்கீலைத் தனியாகப் பாருங்கள்.

ஆணையம் கோப்பை மூடும்போது 'ரைட் டு சூ' கடிதம் தரும். அது கிடைத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். வக்கீல் தேடவே வாரங்கள் ஓடிவிடும், ஆகவே கடிதம் வரும் முன்பே தேடத் தொடங்குங்கள்.