பழைய அம்பாசிடர், பத்மினிக்கு உதிரிபாகம் வாங்கும்போது செலவைக் குறைப்பது எப்படி

பிரீமியர் பத்மினியின் உற்பத்தி 2000-ஆம் ஆண்டை ஒட்டி நின்றுவிட்டது. அம்பாசிடரின் உற்பத்தியும் 2014-இல் உத்தர்பாரா ஆலையில் முடிவுக்கு வந்தது. அதன்பின் பாகங்கள் அருகி, விலை ஏறியது இயல்பே. ஆனால் உரிமையாளர்கள் கொடுக்கும் பணத்தில் கணிசமான பகுதி, பாகத்தின் எண்ணும் அளவும் தெரியாமல் காரின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பதால்தான் வீணாகிறது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே கடைக்குப் போகுமுன் பழுதான பாகத்தைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, அதில் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். பேரிங்கில் 6204 என்று பொறித்திருந்தால் அதன் உள்விட்டம் 20 மி.மீ., வெளிவிட்டம் 47 மி.மீ., அகலம் 14 மி.மீ. என்பது எந்த நிறுவனத் தயாரிப்பானாலும் மாறாது. அதைத் தண்ணீர் மோட்டாருக்குப் பேரிங் விற்கும் கடையிலேயே வாங்கலாம். எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலிலும் பெரும்பாலும் இவ்வாறே மூன்று அளவுகள் இருக்கும். அவை அழிந்திருந்தால் சீலை அளக்காமல், அது உட்காரும் ஷாஃப்டையும் (சுழலும் தண்டு) ஹவுசிங்கையும் (அதைச் சுற்றிய கூடு) வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியால் அளப்பதே சரி, ஏனெனில் பழைய ரப்பர் தேய்ந்து விரிந்திருக்கும். அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சின் பிரிட்டிஷ் வடிவமைப்பு என்பதால் அதன் மரைகள் அங்குல அளவில் உள்ளன. கையில் கிடைத்த மி.மீ. போல்டை அதில் முறுக்கி ஏற்றினால் மரை கெட்டு, சில ரூபாயில் முடியவேண்டிய வேலை லேத் பட்டறை வரை போய்விடும்.

அடுத்து, பழையதையே சீர்செய்ய முடியுமா என்று பாருங்கள். கிளட்ச் பிளேட்டுக்கும் பிரேக் ஷூவுக்கும் புது லைனிங் ஒட்டலாம், ரேடியேட்டருக்குக் கோர் எனப்படும் உள்குழாய்த் தொகுதியை மட்டும் மாற்றலாம். பிரேக் வீல் சிலிண்டரின் உட்சுவர் துருப்பிடித்துக் குழிந்திருந்தால், நல்ல லேத் பட்டறையில் ஸ்லீவ் (உள்ளே பொருத்தும் உலோக உறை) போட்டு மூல அளவுக்கே கொண்டுவந்து, ரப்பர் கிட் மட்டும் புதிதாக வாங்கினால் போதும். கார்புரேட்டரை மாற்றச் சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு கார்புரேட்டரில் காற்றுத் தடுப்பைத் திறந்து மூடும் தண்டான த்ராட்டில் ஸ்பிண்டிலை விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அந்த இடைவெளி வழியே காற்று இழுப்பதால்தான் ஐட்லிங் (வண்டி நிற்கும்போது எஞ்சினின் மெதுவான ஓட்டம்) நிலையாக நிற்காமல் இருக்கக்கூடும். அதற்கு ஸ்பிண்டிலும் அது சுழலும் வளையமான புஷ்ஷும் மாற்றினாலே போதும்.

சென்னையில் இருப்பவர்கள் பழைய வண்டிகளில் கழற்றிய பாகங்களுக்குப் புதுப்பேட்டையையும், புதியவற்றுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையையும் நாடலாம். சென்னையின் பாடி பகுதியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா போன்ற ஆலைகள் 1960-களின் தொடக்கத்திலேயே அமைந்ததால், பழைய ஸ்டார்ட்டர், டைனமோ, பிரேக் பாகங்களை நன்கறிந்த மெக்கானிக்குகள் இந்நகரில் இன்றும் இருக்கிறார்கள். பல ஆண்டுகளாக விற்காமல் தங்கிய பழைய ஸ்டாக் கிடைத்தால், உலோகப் பாகங்களைத் தயங்காமல் வாங்குங்கள். ரப்பர் பாகங்களை, பெட்டி பிரிக்காமல் இருந்தாலும், வாங்காதீர்கள். அவை அலமாரியிலேயே இறுகி வெடித்திருக்கும்.

பம்பர், கிரில், பீடிங் (ஓரப் பட்டை) ஆகிய அலங்காரப் பாகங்களே இப்போது கையைக் கடிப்பவை. இவற்றுக்கு மாற்றாக விற்கப்படும் மெல்லிய தகட்டுப் பிரதிகள் பல நேரங்களில் துளைக்குத் துளை பொருந்துவதில்லை. எனவே நெளிந்த மூலப் பாகத்தைத் தட்டி நிமிர்த்தி, செம்பும் நிக்கலும் ஏற்றியபின் குரோமிய முலாம் பூசித் தருமாறு பட்டறையில் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். அடிப்பூச்சு இல்லாத குரோமியம் ஓரிரு மழைக்காலத்திலேயே துருவைக் காட்டிவிடும்.

பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ், டயர் ஆகியவற்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பத்மினிக்குரிய 5.20-14 அளவு டயர் அரிதாகையால், பழையதைப் புதிது என்று விற்பவர்கள் உண்டு. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.