வியூ கேமரா வாங்குமுன் லென்ஸை முடிவு செய்யுங்கள்

நிலக்காட்சிகளையும் கட்டடங்களையும் லார்ஜ் ஃபார்மேட்டில் (4×5 அங்குலமோ அதைவிடப் பெரியதோ ஆன ஃபிலிமில்) படமெடுக்க விரும்புவோர் பலர் மரத்தின் மெருகிலும் பித்தளையின் பளபளப்பிலும் மயங்கித்தான் கேமராவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வியூ கேமரா என்பது லென்ஸையும் ஃபிலிமையும் வைத்த நிலையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, இடையில் ஒளி புகாத, மடிந்து விரியும் உறையான பெல்லோஸைத் தாங்கும் சட்டகம், அவ்வளவுதான். ஆகவே எந்தெந்தக் குவியத் தூரங்கள் (லென்ஸின் மி.மீ. அளவுகள்) தேவை என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அவற்றுள் மிகக் குறுகியதோடும் மிக நீண்டதோடும் ஒத்துப்போகும் கேமராவைத் தேடுவதே சரியான வழி.

ஃபிலிம் அளவைப் பற்றி நெடுநேரம் யோசிக்க வேண்டியதில்லை. வெளிப்புறப் பணிக்கு 4×5 அங்குலமே போதும். 8×10 அதைப்போல் நான்கு மடங்கு பரப்பைத் தரும்; ஆனால் அதே பார்வைக் கோணத்துக்கு லென்ஸின் குவியத் தூரம் இரட்டிப்பாவதால், அருகும் தொலைவும் தெளிவாக விழ லென்ஸின் துளையை இன்னும் சிறிதாக்க வேண்டியிருக்கும், ஒளிபடும் நேரம் நீளும், அதற்குள் காற்று மரக்கிளையை அசைத்துவிடும்.

கட்டடங்களுக்கு மிகுதியும் பயன்படும் நகர்வு, லென்ஸை மேலே உயர்த்தும் ரைஸ். கேமராவை அண்ணாந்து வைத்தால் சுவர்கள் உள்நோக்கிச் சாய்ந்து தெரியும்; ஃபிலிம் தளத்தைச் செங்குத்தாக நிறுத்திவிட்டு லென்ஸை மட்டும் உயர்த்தினால் அவை நேராக நிற்கும். எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்குக் கேமராவைப் போலவே லென்ஸின் பிம்ப வட்டமும் (ஃபிலிம் தளத்தில் லென்ஸ் வீழ்த்தும் வட்டப் பிம்பம்) எல்லை வகுக்கிறது. 216 மி.மீ. பிம்ப வட்டம் கொண்ட ஒரு 90 மி.மீ. லென்ஸுடன், 4×5 ஃபிலிமை நெடுக்குவாட்டில் வைத்தால் ஏறத்தாழ 36 மி.மீ. உயர்த்தலாம், 235 மி.மீ. வட்டமெனில் 47 மி.மீ. வரை போகலாம். ஆனால் 90 மி.மீ. லென்ஸுக்காக முன் சட்டத்தையும் பின் சட்டத்தையும் நெருக்கும்போது, இறுகி மடிந்த சாதாரண பெல்லோஸ் லென்ஸை உயர விடாது. எனவே தளர்வான பை பெல்லோஸைப் பொருத்த வசதியுள்ள கேமராவைத்தான் கட்டடப் படங்களுக்கு வாங்க வேண்டும். மடக்குக் கேமராவாக இருந்தால், அகன்ற கோண லென்ஸின் பார்வையில் அதன் அடித்தட்டே விழுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நிலக்காட்சியின் தேவை வேறு. காலடிப் புல்லும் தொலைமலையும் ஒருசேரத் தெளிவாக வேண்டுமெனில் லென்ஸை முன்னோக்கிச் சாய்க்க வேண்டும். ஃபிலிம் தளமும் லென்ஸ் தளமும் தெளிவுத் தளமும் (காட்சியில் தெளிவாகப் பதியும் தளம்) ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும் என்ற ஷைம்ப்ஃப்ளூக் விதியே இதன் அடிப்படை. தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் நிற்கும் 150 மி.மீ. லென்ஸுக்குத் தேவையான சாய்வு 6 பாகைக்கும் குறைவு, 90 மி.மீ. லென்ஸுக்கு மூன்றரைப் பாகை போதும். 30 பாகை சாயும் என்ற விளம்பரத்தைக் காட்டிலும், சிறு சாய்வை நுட்பமாக வைத்து இறுக்க முடிகிறதா, பூஜ்ய நிலைக்குத் திரும்பும்போது தெளிவாகப் பற்றிக்கொள்கிறதா என்பதே இங்கு முக்கியம்.

முன் சட்டமும் பின் சட்டமும் ஒரே தண்டின் மேல் நகரும் மோனோரயில் கேமராவில் எல்லா நகர்வுகளும் தாராளமாக உண்டு. வாகனத்திலிருந்து நாலெட்டில் வேலை முடியும் கட்டடப் படக்காரருக்கு அதுவே உகந்தது. மலையேறுபவருக்கு மடங்கும் ஃபீல்ட் கேமராதான். இரண்டும் செய்பவர், ரைஸ் தாராளமாக உள்ள ஃபீல்ட் கேமராவை எடுப்பதே என் பரிந்துரை. பெல்லோஸ் நீளத்தையும் கணக்கிடுங்கள்: 300 மி.மீ. நீளும் கேமராவில் சாதாரண 300 மி.மீ. லென்ஸ் தொலைதூரத்தில் மட்டுமே குவியும், ஆனால் 240 மி.மீ. லென்ஸ் 1.2 மீட்டர் வரை நெருங்கும்.

பழைய கேமராவாயின், இருட்டறையில் பெல்லோஸுக்குள் டார்ச்சை வைத்து மடிப்பு முனைகளில் ஊசித்துளைகளைத் தேடுங்கள். பிறகு எல்லாத் திருகுகளையும் இறுக்கிவிட்டு லென்ஸ் சட்டத்தை விரலால் அழுத்துங்கள். அது அசைந்தால், ஃபிலிம் ஹோல்டரைச் செருகும் ஒவ்வொரு முறையும் குவியம் நழுவும்.